பேடைப் பார்த்து டயருக்குச் சொன்ன கணக்கு

செல்லப்பாண்டியோடு நான் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனாக வந்தால் பேசுவது, நானாகப் போவதில்லை என்று வீம்பாக இருந்தவன், ஒரு புதன்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அவன் நம்பரைத் தேடி எடுத்து நானே போட்டேன். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. அப்படி என் வீம்பை உடைத்தவை ஒரு ஹைப்ரிட் காரின் இரண்டு முன் டயர்கள். வண்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை.

1. பேடு சொல்லும்

என் பெயர் ரத்தினம். ஆரப்பாளையம் பக்கம், எல்லாக் கம்பெனி கார்களையும் பார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். கடைசிப் பதினைந்து வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். வண்டி வந்ததும் சுற்றிப் பார்த்து ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. வேலை முடிந்ததும், “சரி, எடுத்துட்டுப் போங்க” என்று சொல்வதும் என் வேலை. அந்தச் சொல் என் வாயிலிருந்து வராமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. பிரேக் பேடு என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை. அலாய் வீலின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால் அந்தப் பேடின் தடிமன் தெரியும். பேடு பாதி தேய்ந்திருந்தால் முன் டயரும் பாதி தேய்ந்திருக்கும். பேடு புதிதாக இருந்தால் டயரும் நன்றாக இருக்கும். மிதிக்கிறவர் எப்படி மிதிக்கிறாரோ அப்படித்தான் இரண்டும் தேயும் என்பது கணக்கு. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், லிஃப்டில் ஏற்ற வேண்டாம், தரையில் படுக்க வேண்டாம். இடுப்பு வலி வந்த பிறகு இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று.

பெட்ரோல், டீசல் வண்டிகளில் அது பெரும்பாலும் பொய்த்ததில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, “இன்னும் பன்னெண்டாயிரம் வரும்” என்பேன். ஏறக்குறைய அப்படியே வரும். கஸ்டமர்கள் அசந்து போவார்கள். நானும் அசந்து போவேன்.

செல்லப்பாண்டி மட்டும் அசரவில்லை. அவன் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டயர் வேலை பார்த்தவன். என் வயதுக்காரன். ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரு நாள் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது சொன்னான்:

“குனிஞ்சு பாக்காமச் சொல்றதுக்குப் பேரு குறி சொல்றது மாப்ள. வேலை இல்ல.”

எனக்குச் சுரீரென்று ஏறியது.

“குறி சொல்றவன்கிட்ட எதுக்குடா நிக்கிறே? போய்த் தனியாக் கடை போட்டுக்க.”

கோபத்தில் சொன்னதுதான். அவன் அந்த மாசமே போய், சொந்த ஊரான வாடிப்பட்டியில் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை போட்டுவிட்டான். கடை திறப்புக்குப் பத்திரிகை அனுப்பினான். நான் போகவில்லை.

2. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது

தங்கராசு சார் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர். வீடு வில்லாபுரத்தில். ஊரின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குப் பக்கம் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு, வழியில் எத்தனையோ ஒர்க்‌ஷாப்புகளைத் தாண்டி வருவார். காரணம் கேட்டால், “ரத்தினம் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்பார். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். முதல் காரும் அவருடையதுதான். பெட்ரோலிலும் பேட்டரி மோட்டாரிலும் ஓடும் அந்த ஹைப்ரிட் காரை வாங்கும் முன் ஒரு வருஷம் படித்தார். வாங்கிய பிறகும் படித்தார். வண்டியோடு வரும் புத்தகத்தை முழுதாகப் படித்த ஆள் என்று என் வேலைக் காலத்தில் நான் பார்த்தது அவரை மட்டும்தான்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“ரத்தினம், கம்பெனியில போட்டு வந்த டயர் எம்புட்டு ஓடும்?”

“அம்பதாயிரம் தாராளமா வரும் சார்.”

“புத்தகத்துல பத்தாயிரத்துக்கு ஒருக்கா முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போடச் சொல்லியிருக்கே?”

“புத்தகம் எழுதுனவன் எல்லா ஊருக்கும் சேத்து எழுதியிருப்பான் சார். நம்ம வண்டிக்கு நம்ம பேடு சொல்லுதுல்ல? புதுசாட்டம் இருக்கு. எதுக்கு மாத்திக்கிட்டு?”

இருபதாயிரத்தில் அப்படிச் சொன்னேன். முப்பதாயிரத்திலும் அப்படியே சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுப் போனார். புத்தகத்தை விட என்னை நம்பினார்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டரைக்கு வந்தார். புது வேட்டி, பக்கத்து சீட்டில் பட்டுச்சேலையில் அவர் மனைவி. பின் சீட்டில் பூ, பழத் தாம்பாளங்கள். வண்டி நாற்பத்தோராயிரம் ஓடியிருந்தது.

“கயலைக் கூட்டிட்டு வரப் போறோம் ரத்தினம். ஒம்பதாம் மாசம். பண்ணைக்காட்டுல அவ மாமியார் வீட்டுல ஒன்றரைக்கு மேல வளைகாப்பு. வளையல் போட்ட கையோட கூட்டிட்டு மலை இறங்கிருவோம். சொந்தக்காரங்க எல்லாம் வேன்ல முன்னாடி போயிட்டாங்க. போற வழியில வாடிப்பட்டியில தங்கச்சி வீட்டுல கட்டுச்சோறு தயாரா இருக்கு, அதை வாங்கிட்டுப் போகணும். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. மலையில வேற ஏறுது, ஒரு தடவை பாத்துருங்க.”

ஆயில் பார்த்தேன். கூலன்ட் பார்த்தேன். காற்று நான்கு சக்கரத்துக்கும் சரியாக வைக்கச் சொன்னேன். டார்ச் அடித்தேன். பேடு புதிதுபோல இருந்தது. வெளிப்பக்கமாக டயரில் விரலை ஓட்டினேன். பட்டன் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மேடுகள் இருந்தன.

“டயர்?” என்றார்.

“டயருக்கென்ன சார், இன்னும் பத்தாயிரம் போகலாம். எடுத்துட்டுப் போங்க.”

ஒன்பது மணிக்குப் போனார். ஹைப்ரிட் கிளம்பும்போது சத்தமே வராது. கேட்டைத் தாண்டியதே தெரியாமல் போய்விட்டது.

3. இன்னொரு வண்டி

ஒன்பதரைக்கு அதே மாடலில் இன்னொரு வண்டி வந்தது. டிராவல்ஸ் வண்டி. முப்பத்தொன்பதாயிரம் ஓடியிருந்தது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்றார் டிரைவர். வழக்கம்போல டார்ச் அடித்தேன்.

“பேடு அருமையா இருக்கு. டயரெல்லாம் நல்லாருக்கும். அலைன்மென்ட் மட்டும் பாரும்மா” என்று செல்வியிடம் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

செல்விதான் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளக்கும் எங்கள் அலைன்மென்ட் மிஷினைப் பார்க்கிறவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதிகம் பேச மாட்டார். அவர் குரலை உயர்த்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“அண்ணே! கொஞ்சம் இங்கிட்டு வாங்க!”

போனேன். வண்டி லிஃப்டில் இருந்தது. செல்வி முன் டயரின் உள்பக்க ஓரத்தைக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் இருக்கிற டயர். உள்பக்கம் மொட்டை. மொட்டை கூட இல்லை, ரப்பரைத் தாண்டி டயருக்குள் இருக்கும் துணி தெரிந்தது. ஓரிடத்தில் கம்பி மினுக்கியது.

“பேடு நல்லாருக்குன்னு சொன்னீகளே அண்ணே?”

பேடைப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. 

ஹைப்ரிட் வண்டியில் பிரேக்கை மிதித்தால் முதலில் பேடு கவ்வாது. மோட்டார்தான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிடிக்கும் வேகத்தில் பேட்டரிக்குக் கரன்ட் ஏற்றிக்கொள்ளும். வண்டி நிற்கப் போகிற கடைசி நேரத்தில்தான் பேடு வேலை செய்யும். அதனால் பேடு தேயாது. ஆனால் இழுத்துப் பிடிப்பது மோட்டாரோ பேடோ, ரோட்டோடு உரசிப் பாடுபடுவது டயர்தான். போதாததற்குப் பேட்டரியின் கனம் இருக்கிறது. கிளம்பும்போது மோட்டார் கொடுக்கும் வெடுக்கென்ற இழுப்பு இருக்கிறது. கம்பெனியில் போட்டு வரும் டயரோ மைலேஜுக்காக லேசாக உருளும்படி செய்தது. இதோடு ஏதாவது ஸ்பீடு பிரேக்கரில் இடித்து அலைன்மென்ட் விலகினால், உள் ஓரம் யாருக்கும் தெரியாமல் கரைந்துகொண்டே இருக்கும்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது இரண்டு நாள் டிரெய்னிங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். சர்டிஃபிகேட் கூட மாட்டியிருந்தேன். பிரேக்கைப் பற்றிப் படித்தேனே தவிர, என் கணக்கோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பேடு தேயாது என்றால் பேடு இனி சாட்சி சொல்லாது என்று என் மண்டையில் ஏறவில்லை.

தங்கராசு சார் வண்டி இதே மாடல். இரண்டாயிரம் கூடுதலாக ஓடியது. டயரை மாற்றிப் போட வேண்டாம் என்று இரண்டு முறை தடுத்ததும் நான்தான். மலையில் ஏறி, திரும்பும்போது நிறைமாதப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, அதே டயரில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவார். மலையில் தினமும் சாயங்காலம் கோடை மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

4. காற்றுப் பார்க்க இப்படி மூச்சு வாங்குமா?

சார் போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அது அவர் கொள்கை. என்னிடமே பலமுறை பெருமையாகச் சொன்னது.

ஜாப் கார்டில் இன்னொரு நம்பர் இருந்தது. கயல். வண்டி வாங்கும்போது மகள்தான் எல்லாம் எழுதிக் கொடுத்தது. நிறைமாதப் பெண்ணுக்குப் போன் போட்டு, “உங்க அப்பா வண்டி டயர் வெடிக்கலாம்” என்று சொல்வதா? நாலு அடி நடந்தேன். திரும்பி வந்தேன். வேறு வழி இல்லை, போட்டுவிட்டேன்.

“கயலாம்மா? நான் ஒர்க்‌ஷாப் ரத்தினம். அப்பாவைப் பிடிக்கணும்மா. ஒண்ணுமில்ல, சும்மா டயர்ல காத்துச் செக் பண்ணணும்.”

அந்தப் பெண் ஏமாறவில்லை.

“அண்ணே, காத்துப் பாக்குறதுக்கு இப்படி மூச்சு வாங்குமா? என்னான்னு சொல்லுங்க.”

சொன்னேன். அழுமோ, பதறுமோ என்று நான் பயந்தேன். அது என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி நிதானமாகப் பேசியது.

“வாடிப்பட்டியில அத்தை வீட்டுல இந்நேரம் இறங்கியிருப்பாக. ஸ்டேஷன் ரோடு, பிள்ளையார் கோயிலைத் தாண்டி முதல் சந்து, பச்சைக் கேட்டு. அம்மா போன் இங்க வேன்ல வந்த பையோட வந்துருச்சு. அத்தை போன் எப்பவும் உள் ரூம்ல சார்ஜ்ல கெடக்கும், எடுக்க மாட்டாக. அப்பா போனை வண்டியிலயே வச்சுட்டு இறங்கிருவாக. நானும் அடிச்சுக்கிட்டே இருக்கேன். அங்க உங்களுக்கு ஆளு யாரும் இல்லையாண்ணே?”

இருந்தான். இரண்டு வருஷமாக நான் பேசாத ஆள்.

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“சொல்லுங்க.”

மாப்ள இல்லை. சொல்லுங்க. அந்த ‘ங்க’ எனக்கு ஊசியாகக் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். என் பேடு கணக்கு பொய்த்துப் போனதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“வண்டி கலரு?”

“வெள்ளை. ஹைப்ரிட்டு. சத்தம் வராது, பாத்துக்க.”

“ரோட்டுல வந்தாத்தான சத்தம்? வீட்டு வாசல்லதான நிக்கும். கடையை அப்படியே போட்டுட்டுப் போறேன்.”

5. ஸ்பீக்கரில்

அதே அளவில் இரண்டு டயர்களை லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னேன். எங்கள் முதலாளி ரூமிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடை நடத்துகிறவருக்குக் கடையின் கவலை.

“போய் மாத்திக் குடுங்க ரத்தினம், வேண்டாங்கல. ஆனா தப்பு நம்ம மேலன்னு ஒத்துக்காதீக. டயரு சரக்கே மோசம்னு சொல்லிருங்க. நாளைக்கு ஊரு பூராம் பேசும்.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறைப்பானேன்? பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அப்போது செல்லப்பாண்டி போன் வந்தது.

“வண்டி நிக்குது. நான் குனிஞ்சு பாத்துட்டேன். இடது பக்கம் கம்பி தெரியுது. ஆனா சார் நம்ப மாட்டேங்கிறாரு. நான் டயர் விக்க வந்தவன்னு நெனைக்கிறாரு. சோத்துப் பாத்திரத்தை ஏத்தியாச்சு, கிளம்புறேங்கிறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசு.”

தங்கராசு சார் குரல் கேட்டது. கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டே பேசினார்.

“ரத்தினம், இங்க ஒருத்தர் வந்து டயர் போச்சு, வண்டியை எடுக்காதீங்கன்னு மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு. காலையிலதான் ரத்தினம் பாத்தாரு, அவரை விட உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க. காலையில டயரைப் பாத்துட்டுத்தானே அனுப்புனீங்க?”

செல்லப்பாண்டி வண்டியை மறிக்க, அவனை மறித்துக்கொண்டு நிற்பது நான்தான் என்று அப்போது தோன்றியது. சாரைக் கிளம்பச் சொன்னது என் பேச்சு. இப்போது அவன் நிற்கச் சொன்னால் நம்பவிடாமல் தடுப்பதும் அதே பேச்சு. டயர் சரக்கு மோசம் என்று சொன்னால், காலையில் நன்றாக இருந்த சரக்கு ஒன்றரை மணி நேரத்தில் எப்படி மோசமாயிற்று என்று கேட்பார். வாத்தியார் இல்லையா? முதலாளி எதிரே நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். செல்வி மிஷினை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார்” என்றேன். “பாக்கல.”

“என்னது?”

“டயரைப் பாக்கல சார். பேடைத்தான் பாத்தேன். உள்பக்கம் குனிஞ்சு பாக்கவே இல்ல. பாத்த மாதிரி சொல்லிட்டேன். இருபதாயிரத்துலயும் பாக்கல, முப்பதாயிரத்துலயும் பாக்கல. அந்த ஆளு சொல்றதுதான் சார் நெசம். என்னை விட அவனுக்குத் தெரியும். தயவுசெஞ்சு வண்டியை எடுக்காதீங்க.”

 அந்தப் பக்கம் ஏதோ பாத்திர மூடி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சார் மெதுவாகச் சொன்னார்:

“படிக்காம வர்ற பையன்கிட்ட கேள்வி கேட்டா முழிப்பான் ரத்தினம். முழிக்கிறதை வச்சே கண்டுபிடிச்சிருவேன். நீங்க ஒரு தடவை கூட முழிக்கலையே.”

 என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

“சரி, வாங்க” என்றார். போனை வைத்துவிட்டார்.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு ரூமுக்குள் போனார்.

6. இரண்டு விரல் அகலம்

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். செல்லப்பாண்டி வண்டியைத் தன் கடைக்கு ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி வந்து, ஜாக்கி போட்டு முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, சுவரில் சாய்த்து வைத்திருந்தான். உள்பக்கம் வெளியே தெரியும்படி வேண்டுமென்றே வைத்திருந்தான் என்று நினைக்கிறேன். வலது டயரில் துணி. இடது டயரில் இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பி, பிய்ந்த கம்பியும் கூட.

சாருடைய மனைவி அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். “இதுலயா எம் பிள்ளையைக் கூட்டிட்டு வர இருந்தோம்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை. அந்த டயர் மலையில் இல்லாமல் வாடிப்பட்டிச் சுவரில் சாய்ந்து நிற்கிறதே என்பதில் வந்தது.  

சார் என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். போனில் டயரைப் படம் எடுத்துக்கொண்டார். வகுப்பில் காட்ட எடுத்தாரோ என்னவோ.

புது டயரை முன்னால் போட நான் எடுத்தேன். செல்லப்பாண்டி பிடுங்கினான்.

“புதுசைப் பின்னாடி போடு. பின்னாடி இருக்குறதை முன்னாடி கொண்டா. பாதி பட்டனுக்கு மேல இருக்கு, உள்பக்கமும் பாத்துட்டேன், நல்லாருக்கு. மழையில பின்பக்கம் வழுக்குனா வாத்தியாரால பிடிக்க முடியாது.”

“முன் சக்கரம்தான மாப்ள வண்டியை இழுக்குது?”

“இழுக்கட்டும். மொதல்ல வண்டி வழுக்கிச் சுத்தாம இருக்கணும்ல?”

என்னையறியாமல் நான் மாப்ள என்றிருந்தேன். அவன் கவனித்தான். கவனிக்காத மாதிரி நட்டை முடுக்கினான். அவன் சொன்னதுதான் சரி, அப்படியே போட்டோம். அலைன்மென்ட் மிஷின் அங்கே இல்லை. அதனால், “மெதுவாப் போய்ட்டு வந்து மறுநாளே அலைன்மென்ட் பாருங்க சார்” என்று சாரிடம் சொன்னேன். இந்த முறை அவர் செல்லப்பாண்டி பக்கம் திரும்பி, “சரிதானே?” என்று கேட்டார். எனக்கு அது வேண்டியதுதான்.

பதினொன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. கிளம்பும் முன் அந்த அம்மா இலையில் இரண்டு பொட்டலம் கட்டி எங்கள் கையில் கொடுத்தார். “வளைகாப்புச் சோறு. வேண்டாம்னு சொல்லப்படாது.” பழைய டயர்கள் மேலேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். புளிச்சோறு பிரமாதம்.

“உன் கடை நல்லாருக்கு மாப்ள” என்றேன்.

“பத்திரிகை அனுப்புனேனே, அன்னைக்கு வந்திருந்தா அன்னைக்கே நல்லாருந்திருக்கும்.”

“தப்புத்தான்.”

“எதுக்கு? வராததுக்கா, குறி சொன்னதுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“சரி, அந்த எலுமிச்சஞ்சோத்தை இங்கிட்டுத் தள்ளு. எப்படியும் உனக்குப் பிடிக்காது.”

சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கயல் போன் செய்தது. வளையல் சத்தம் கலகலவென்று கேட்டது.

“அண்ணே, வில்லாபுரம் வந்துட்டோம். மலையில நல்ல மழை. அப்பா மாட்டுவண்டி வேகத்துலதான் எறக்குனாக, பின்னாடி வந்தவனெல்லாம் ஆரன் அடிச்சே ஓஞ்சு போனான். ஒண்ணும் இல்ல, நல்லபடியா வந்தாச்சு. ஆமா, காத்துச் செக் பண்ணணும்னீகளே, நாளைக்கு அனுப்பவா?”

சிரித்தது. நானும் சிரித்தேன். போனை வைத்ததும் வாஷ்பேசினுக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது அந்தக் கட்டுச்சோறு மட்டும்தான். பசிக்கவே இல்லை.

7. எம்புட்டு ஓடும்?

அதற்குப் பிறகு ஹைப்ரிட் வண்டிகள் நிறைய வந்தன. நான் பார்த்தவரை சிலவற்றில் கம்பெனி டயர் முப்பத்தைந்தாயிரத்தில் முடிந்தது. சிலவற்றில் அறுபதாயிரத்தைத் தொட்டது. வித்தியாசம் டயரில் மட்டும் இல்லை. பத்தாயிரத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டவர், மாசம் இரண்டு முறை காற்றுப் பார்த்தவர், சிக்னலில் பச்சை விழுந்ததும் பாயாதவர், இவர்கள் வண்டியில் டயர் உழைத்தது. ஆனால் எந்த வண்டியிலும் பேடு அதைச் சொல்லவில்லை. பழைய வண்டியில் கற்ற கணக்கு புது வண்டிக்கும் பொருந்தும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவர் முதுகைப் பாருங்கள். சட்டையில் மண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்று முதல் ஓய்வு பெறும்வரை என் சட்டை முதுகில் மண் ஒட்டாத நாள் கிடையாது. இடுப்பு வலி கூடியது. துவைக்கிற என் மனைவி தினமும் திட்டினார். எனக்கு ராத்திரி தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

சாருடைய கதையை முடித்துவிடுகிறேன். மறுநாளே அலைன்மென்டுக்கு வருவார் என்று காத்திருந்தேன். வேறு எங்காவது போயிருப்பார் என்று உள்ளூரப் பயமும் இருந்தது. பத்து மணிக்கு வெள்ளை வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. சார் இறங்கினார். நான் ஒரு சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தேன். நான்கு டயரையும் உள்ளும் வெளியும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தேன். முதலாளி ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி மிஷினைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

சார் பழைய கேள்வியையே கேட்டார்.

“சொல்லுங்க ரத்தினம், இந்த டயர் எம்புட்டு ஓடும்?”

வாயில் வந்த எண்ணை விழுங்கினேன். கையில் இருந்த மண்ணைத் தட்டினேன். அவரைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன்.

“தெரியல சார். பத்தாயிரத்துக்கு ஒருக்கா கொண்டாங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் சாவியை என் கையில் வைத்தார்.

“இப்பத்தான் முழிக்கிறீங்க” என்றார். “இனிமே நிம்மதியா ஓட்டுவேன்.”